ஆறு நாழி நெல்

திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணி. மீன்சுருட்டி கடைவீதியில் டீக்கடை பாய்லரைத் தவிர வேறெதுவும் இன்னும் சூடாகவில்லை. ஆனால் பேருந்து நிறுத்தத்தில் கூட்டம். சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்துவிட்டு விடுதிக்குத் திரும்பும் கல்லூரிப் பிள்ளைகள். தோளில் ஒரு பை. அதில் புத்தகம், சார்ஜர், துவைத்து மடித்த துணி. கையில் ஒரு கட்டைப்பை. அதில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், செய்தித்தாளில் சுற்றிய முறுக்கு. ஒரு அம்மா மகனின் கட்டைப்பையைத் திறந்து, டப்பா மூடியை இன்னொரு தரம் இறுக்கினார். "எண்ணெய் கசிஞ்சா துணியெல்லாம் வீணாப் போயிடும் சாமி. போனதும் போன் பண்ணு."

கும்பகோணத்திலிருந்து சென்னை போகும் சாலையும் ஜெயங்கொண்டத்திலிருந்து சிதம்பரம் போகும் சாலையும் இந்த ஊரைத் தொட்டுப் போகின்றன. அரியலூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்துச் சிற்றூர்தான். ஆனாலும் இங்கே நின்றால் எந்தத் திசைக் கல்லூரிக்கும் வண்டி கிடைக்கும். நானும் ஒரு விடுதிக்குத்தான் கிளம்பியிருந்தேன். என் விடுதி ஏறக்குறைய ஆயிரம் வருடம் பழையது. கட்டடம் எப்போதோ போய்விட்டது. சாப்பாட்டுக் கணக்கு மட்டும் கல்லில் இருக்கிறது.

முந்தின நாள் மாலையைக் கங்கைகொண்ட சோழபுரத்தில் கழித்திருந்தேன். மீன்சுருட்டியிலிருந்து பக்கம்தான். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு மாளிகைமேட்டுக்கும் நடந்தேன். சோழர் அரண்மனை இருந்த இடம் என்று அகழ்ந்து காட்டியிருக்கிறார்கள். தரைமட்டத்துக்குக் கீழே செங்கல் சுவர்களின் அடிப்பகுதி வரிவரியாகத் தெரிகிறது. கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் இங்கே கிடைத்திருக்கின்றன. ராஜேந்திரன் காலத்தில் தொடங்கி சுமார் 250 ஆண்டுகள் சோழர்களின் தலைநகராக இருந்த ஊர் இது. இன்று ஆடு மேய்கிறது. கோயில் மதிலின் கல்லையே 1836இல் கொள்ளிடத்தில் அணைக்கரை அணையைக் கட்ட எடுத்துக்கொண்டு போனார்கள். அரண்மனைச் செங்கல் எந்தெந்த வீட்டுச் சுவருக்குள் போனதோ!

அரண்மனை நிற்கவில்லை; அங்கிருந்து ஆண்டவர்கள் காலத்து உத்தரவுகள் சில வேறு ஊர்க் கற்களில் நிற்கின்றன. அவற்றில் மூன்று எனக்கு எப்போதும் பிடித்தவை. ராஜேந்திரன் காலத்தில் எண்ணாயிரம். அவன் மகன் ராஜாதிராஜன் காலத்தில், 1048இல், திருபுவனை. இன்னொரு மகன் வீரராஜேந்திரன் காலத்தில், 1060களின் இறுதியில், திருமுக்கூடல். மூன்றும் போர் வெற்றியோடு நிற்காமல், மாணவர்களுக்கு யார் சோறு போடுவது என்ற கணக்கையும் பேசுகின்றன.

வண்டி வந்தது. டப்பா மூடி இறுக்கப்பட்ட பையன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். சென்னையில் பொறியியல், இரண்டாம் ஆண்டு. "மதியம்தான் சார் கிளாஸ், அதான் காலைல கிளம்பினேன்." அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் நெல், கொஞ்சம் முந்திரி. வீட்டில் இவன்தான் முதல் பட்டதாரி. தமிழ்நாட்டில் இது வெறும் பெருமைச் சொல் அல்ல. சான்றிதழ் வாங்கிக் கட்டணச் சலுகை பெறும் ஒரு வகை.

"மெஸ் எப்படி?" என்றேன். விடுதிப் பிள்ளைகளோடு பேச இதைவிட நல்ல திறவுகோல் கிடையாது.

"டிவைடிங் சார். நான் இந்த மாசம் மெஸ் ரெப்."

விடுதியில் இருந்தவர்களுக்கு இந்தச் சொல் புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மாதம் முழுக்க ஆன அரிசி, பருப்பு, காய்கறி, எரிவாயு, சமையல்காரர் கூலி எல்லாவற்றையும் கூட்டுவார்கள். எல்லா மாணவரும் சாப்பிட்ட நாட்களைத் தனியாகக் கூட்டுவார்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு நாள் சாப்பாட்டு விலை. யார் எத்தனை நாள் சாப்பிட்டார்களோ அத்தனை நாளுக்குப் பணம். லாபம் கிடையாது, நஷ்டம் கிடையாது. மார்க்கெட்டில் வெங்காயம் ஏறினால் எல்லார் பில்லும் ஏறும். நான் தட்டில் சோற்றை விட்டுவிட்டுக் கை கழுவினால், அதன் விலையில் ஒரு பங்கை மூன்றாவது மாடியில் இருக்கும் முகம் தெரியாத ஒருவன் கட்டுவான்.

நான் படித்த விடுதியிலும் இதே முறைதான். ஆனால் மாதக் கடைசியில் ஒட்டும் பில்லைப் பார்த்துச் சமையல்காரரைத் திட்டுவதோடு எங்கள் கணக்கு ஆராய்ச்சி முடிந்துவிடும். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம் ஒன்று இருக்கும். இரவு பத்து மணிக்கு அது விளிம்பு வரை நிறைந்திருக்கும்: வெள்ளைச் சோறு, மேலே ரசம், நடுவில் பாதி கடித்த சப்பாத்தி. பன்றி வளர்ப்பவர் ஒருவர் வந்து எடுத்துப் போவார். அவர் வராத நாளில் நாற்றம் அறை வரைக்கும் வரும். நான்கு வருடத்தில் ஒருநாள்கூட அந்த டிரம் எவ்வளவு எடை என்று எங்களில் யாரும் கேட்டதில்லை.

இதைச் சொன்னதும் பையன் சிரித்தான். "நாங்க எடை போடுறோம் சார். தராசு வச்சு, ராத்திரி எத்தனை கிலோன்னு போர்டுல எழுதுவோம். யாரையும் திட்டுறதில்ல. நம்பர மட்டும் எழுதுவோம்."

"குறைந்ததா?"

"குறைஞ்சிச்சு. எங்களுக்கே அசிங்கமா இருந்துச்சு. அப்புறம் பாத்தா, திங்கக்கிழமை மட்டும் ஏறும். எல்லாரும் வீட்டுலேருந்து கொண்டு வந்தத சாப்பிடுவாங்க, மெஸ் சோறு மீந்துடும். அதனால திங்கக்கிழமைக்கு அரிசிய குறைச்சுப் போடச் சொல்லிட்டோம்."

மடியில் இருந்த கட்டைப்பையை நான் மறுபடியும் பார்த்தேன். மீன்சுருட்டியில் ஒரு அம்மா கிளறும் புளிக்காய்ச்சல் சென்னையில் ஒரு விடுதியின் திங்கட்கிழமைக் குப்பையின் எடையை ஏற்றியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு தராசும் ஒரு சாக்பீசும் போதுமாக இருந்திருக்கிறது.

சட்டமும் இதைத்தான் வேறு மொழியில் சொல்கிறது. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களை, விடுதிகளும் பல்கலைக்கழகங்களும் உட்பட, 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தனி வகையாகவே வைத்தன. அந்த இடங்கள் குப்பையைப் பிரிக்க வேண்டும்; மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும். எடை போடாதவருக்குத் தன் குப்பை 100 கிலோவுக்கு மேலா கீழா என்பதே தெரியாது.

சேத்தியாத்தோப்பு தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. பையன் ஜன்னல் வழியே கையை நீட்டிக் காட்டினான். "இங்கேருந்துதான் சார் நாங்க குளிக்கிற தண்ணி."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் வந்து, அணைக்கரையில் திரும்பி, வடவாற்றில் ஓடி வீராணம் ஏரியை நிரப்புகிறது. முதலாம் பராந்தகன் காலத்து ஏரி. அங்கிருந்து எடுக்கும் தண்ணீர் சேத்தியாத்தோப்பு வழியாக வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், பிறகு சென்னைக்குப் போகிறது. புதிய வீராணம் திட்டம் 2004இல் வந்தது. நாளுக்கு 180 மில்லியன் லிட்டர், 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய். 2019 கோடையில் சென்னையைச் சுற்றிய ஏரிகள் வறண்டபோது இந்தக் குழாயின் அருமை நகரத்துக்குத் தெரிந்தது. மீன்சுருட்டிப் பக்கம் ஓடும் தண்ணீரில் ஒரு பங்குதான் இவனுடைய விடுதிக் குளியலறையில் திறந்தே கிடக்கும் குழாயில் கொட்டுகிறது.

"அப்பா வாய்க்கா தண்ணிக்கு முறை வச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து போவாரு. எங்க ஹாஸ்டல்ல டேங்க் நிரம்பி வழியும், யாரும் மோட்டார நிறுத்த மாட்டாங்க. பாக்கறப்ப ஒரு மாதிரி இருக்கும் சார்." இதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை.

வடலூரில் நான் இறங்கிக்கொண்டேன். அவன் தூங்கிப் போயிருந்தான். கட்டைப்பையை இரண்டு கால்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு.

வடலூர் என் வழியில் இருந்ததால் மட்டும் இறங்கவில்லை. சத்திய தருமச்சாலையில் வள்ளலார் 1867 மே 23இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. வந்தவரின் சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் எழுந்தது அது. அரிசியும் விறகும் இன்றும் ஊர் ஊராக வந்து சேர்கின்றன. பந்தியில் உட்கார்ந்தேன். எனக்கு எதிரே ஒரு பெரியவர் ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுந்தார். இங்கே எடை போடும் தராசு தேவைப்படவில்லை. பசியோடு வருகிறவருக்கு அளவு தெரியும்.

ஆனால் விடுதி தருமச்சாலை அல்ல. அங்கே நான்கு வருடம் தங்க வேண்டும், படிக்க வேண்டும், பசி இல்லாத நாளிலும் மணி அடித்தால் போய் உட்கார வேண்டும். அதற்குப் பக்தி மட்டும் போதாது. கணக்கு வேண்டும்.

பண்ருட்டி, விழுப்புரம் என்று இரண்டு வண்டி மாறி எண்ணாயிரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. விழுப்புரத்துக்கு வடமேற்கே, விக்கிரவாண்டி வட்டத்தில் இருக்கும் கிராமம். பக்கத்துக் குன்றில் சமணர் படுக்கைகள். ஊருக்குள் அழகிய நரசிம்மப் பெருமாள் கோயில். ராஜேந்திரன் காலத்தில் இந்த ஊருக்கு ராஜராஜச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர். கோயிலின் கல் முழுக்க எழுத்து. சில இடத்தில் சுண்ணாம்பு அடித்து மறைந்திருக்கிறது, சில இடத்தில் விரலால் தடவினால்தான் பள்ளம் தெரிகிறது.

இந்த ஊர்க் கல்வெட்டு தரும் கணக்கு இது. மொத்தம் 340 மாணவர். இளையவர் 270, இதில் இருக்கு வேதத்துக்கு 75, யசுர் வேதத்துக்கு 75, ரூபாவதாரம் என்னும் இலக்கணத்துக்கு 40, மீதி மற்ற பாடங்களுக்கு. மூத்தவர் 70, வியாகரணத்துக்கு 25, பிரபாகர மீமாம்சைக்கு 35, வேதாந்தத்துக்கு 10. இளைய மாணவர் ஒருவருக்கு நாளுக்கு ஆறு நாழி நெல். மூத்தவருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி. இதற்காக ஊர்ச்சபை ஒதுக்கிய நிலம் 45 வேலி. நம் பாட்டன்மார் வேலிக் கணக்கில் 300 ஏக்கர்.

படிக்கட்டில் உட்கார்ந்து நோட்டில் பெருக்கிப் பார்த்தேன். இளையவருக்கு 1,620 நாழி, மூத்தவருக்கு 700. ஆக நாளுக்கு 2,320 நாழி. கலக் கணக்கில் 24 கலமும் 2 குறுணியும். இது மாணவருக்கு மட்டும். ஆசிரியர்களுக்குத் தனி. ஒரு மெஸ் ரெப்பின் நோட்டுப்புத்தகத்தைக் கல்லில் வெட்டி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது.

அப்போது பள்ளி விட்டு வந்த ஒரு சிறுவன், சீருடையின் மேல் பையோடு, என் எதிரே நின்றான். "என்ன சார் எழுதறீங்க?"

"இந்த ஊர்ல அந்தக் காலத்துல ஒரு ஹாஸ்டல் இருந்துச்சு தம்பி. 340 பேர் தங்கிப் படிச்சாங்க. அந்தக் கணக்கு."

அவன் கொஞ்சம் யோசித்தான். "சாப்பாடு நல்லாருக்குமா சார்?"

கல்வெட்டுப் படித்த எந்த அறிஞரும் கேட்காத கேள்வி! அளவு சொன்ன கல் சுவையைச் சொல்லவில்லை. தெரியாது என்றேன். அவனுக்கு என் ஆராய்ச்சியில் இருந்த மரியாதை அதோடு போய்விட்டது.

அந்தக் கல் சொல்லாத இன்னொன்றும் உண்டு. 340 பேரும் வேதமும் அதைச் சார்ந்த சாத்திரங்களும் படிக்க வந்தவர்கள். 45 வேலியில் சேற்றில் இறங்கி அந்த நெல்லை விளைவித்தவரின் பிள்ளை அந்த 340இல் இல்லை. என்றென்றும் நடக்க வேண்டும் என்று எழுதிவைத்த ஏற்பாடு, யாருடைய முதுகின்மேல் நடந்தது என்பதை எழுதவில்லை. இன்று அந்த நெல் விளைவித்தவரின் பிள்ளைதான் மீன்சுருட்டியில் கட்டைப்பையோடு வண்டி ஏறுகிறது. அரசு விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று 2025இல் பெயர் மாற்றியதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்றால் அது இதுதான்.

ஆனால் பழைய கல்லிடம் கற்க வேண்டிய ஒரு சூட்சுமம் இருக்கிறது. அவர்கள் மாணவனின் பங்கைக் காசில் எழுதவில்லை, நெல்லில் எழுதினார்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் ஆறு நாழி ஆறு நாழிதான். நாம் ரூபாயில் எழுதுகிறோம். அரசு விடுதியில் கல்லூரி மாணவர் ஒருவரின் உணவுக்கான தொகை மாதம் 1,100 ரூபாயாக இருந்து, 2023இல் 1,500 ஆயிற்று. நாளுக்கு 50 ரூபாய். அறிவித்த அன்றைக்கு அந்த ஐம்பது ரூபாய் வாங்கிய பருப்பை அடுத்த வருடம் அது வாங்காது. அடுத்த அறிவிப்பு வரும்வரை குழம்புதான் நீர்த்துப்போகும். தொகையைக் கிலோவிலும் லிட்டரிலும் நிர்ணயித்துவிட்டு, சந்தை விலைக்கு ஏற்ப ஆண்டுதோறும் தானாகத் திருத்த ஒரு விதி போட்டால், ஒவ்வொரு முறையும் மாணவர்கள் மறியல் செய்ய வேண்டியிருக்காது.

திருபுவனைக் கல்வெட்டில் 260 மாணவர், 12 ஆசிரியர், 72 வேலி நிலம். அங்கே ஒரு சலுகையும் உண்டு: ஆசிரியரும் மாணவரும் ஊர் வாரியங்களில் பணி செய்ய வேண்டியதில்லை. படிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். திருமுக்கூடலில் இன்னும் நுணுக்கம். சாப்பாடு மட்டுமல்ல, படுக்கப் பாய், இரவில் விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய், நோய் வந்தால் 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை. விளக்கு எரிக்கும் எண்ணெய்க்கும் அளவு வைத்தவர்களின் ஊரில் இன்று ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றுகிறது.

வாரியச் சலுகையில் மட்டும் நான் சோழர்களோடு ஒத்துப்போகவில்லை. மாணவனைக் கணக்கிலிருந்து விலக்கி வைத்தால் அவன் விருந்தாளி ஆகிவிடுவான். விருந்தாளிக்குத் தண்ணீர்த் தொட்டி வழிவது கண்ணில் படாது. அமெரிக்காவில் பொருளாதார மந்தம் கடுமையாக இருந்த 1933இல், பெர்க்லியில் வாடகை கொடுக்க முடியாத சில மாணவர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவு விடுதி தொடங்கினார்கள். சமைப்பது, பாத்திரம் தேய்ப்பது, கழிவறை கழுவுவது எல்லாம் முறை வைத்து அவர்களே. இன்றும் அங்கே வாரத்துக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஒவ்வொருவரும் வேலை செய்கிறார்கள். அதனாலேயே வாடகை குறைவு. நம் திண்டுக்கல் காந்திகிராமத்தை 1947இல் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியபோது, கையால் வேலை செய்வதும் கல்விதான் என்ற காந்தியின் எண்ணத்தையே அடித்தளமாக வைத்தார்கள். செலவு குறைவதும் பூமிக்குச் சுமை குறைவதும் பல நேரம் ஒரே காரியம். ஏழை மாணவனுக்கு இது தெரிந்த விஷயம்தான்.

வளாகங்களில் இப்போது பசுமை என்ற சொல் நிறைய அடிபடுகிறது. நுழைவாயிலில் ஒரு பலகை, திறப்பு விழாவில் ஒரு மரக்கன்று, கூரையில் சூரியத் தகடு. எதுவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பலகை வைத்த இடத்தில் தராசு வைத்தவர்கள் குறைவு. மீன்சுருட்டிப் பையனின் விடுதியில் முதலில் மாறியது ஒரே ஒரு விஷயம்: இரவு எழுதும் எண். அது எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருந்தது. எண்ணாயிரத்திலும் கணக்கு அலமாரிக்குள் போகவில்லை. ஊர் கூடும் கோயிலில், எவர் கண்ணிலும் படும்படி நின்றது.

இருட்டுவதற்குள் கடைசி வண்டியைப் பிடிக்க ஓடினேன். விழுப்புரத்தில் கும்பகோணம் வண்டி கிடைத்து, மீன்சுருட்டியில் இறங்கும்போது நடுநிசி. காலையில் பார்த்த டீக்கடை மூடியிருந்தது.

பிள்ளையை விடுதியில் சேர்க்கப் போகும்போது நாம் கேட்பது ஒரே கேள்வி: வருஷத்துக்கு எவ்வளவு? இனி மூன்றைச் சேர்த்துக் கேளுங்கள். குளிக்கும் தண்ணீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது, நாளுக்கு ஆளுக்கு எத்தனை லிட்டர்? நேற்று இரவு எத்தனை கிலோ சோறு மிஞ்சியது, அது எங்கே போனது? மெஸ் கணக்கை மாணவர்கள் பார்க்க முடியுமா? பதில் தெரியாமல் விழிக்கும் விடுதியில், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், கொஞ்சம் யோசித்துச் சேருங்கள்.